தாய்ப் பங்கு

கல்யாணமா? யார் வீட்டில்? இந்த ஊரில் எனக்குத் தெரியாமல் ஒரு கல்யாணம் எப்படி நடந்து முடியும்?

ரேடியோவின் குமிழைப் பிடித்த விரல் அப்படியே நிற்க, நேமா இதைத்தான் முதலில் நினைத்தாள். பயம் வரவில்லை. சின்னதாக ஒரு ரோஷம்தான் வந்தது. யங்கிலாவில் யார் வீட்டுப் பன்றி குட்டி போட்டாலும், யார் பிள்ளை தலைநகர் மோர்ஸ்பியில் அடிதடியில் மாட்டிக்கொண்டாலும் முதலில் அவள் காதுக்குத்தான் வரும். பாதிரியாரும் அவர் மனைவியும் ஊரை விட்டுப் போனபோது இந்தத் தகரக் கொட்டகையையும் ரேடியோப் பெட்டியையும் அவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து காலையில் எழுந்து முகட்டைப் பார்த்து, மேகம் எங்கே நிற்கிறது, காற்று எந்தப் பக்கம், விமானத் திடல் காய்ந்திருக்கிறதா என்று டவுன் ஆபீசுக்குச் சொல்வது அவள் வேலை. அவள் சரி என்றால்தான் விமானம் வரும். தீவின் நடு முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்த ஊருக்கு உப்பும் சோப்பும் டின் மீனும் வருகிற ஒரே வழி அதுதான்.

"நேமாக்கா, கேக்குதா? வாழ்த்துன்னு சொன்னேன். ஓவர்."

டவுன் ஆபீசிலிருந்து பேசும் தெல்மாவை நேமா ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் குரலுக்குச் சளி பிடித்தால் இவளுக்குத் தெரிந்துவிடும்.

"கேக்குது தெல்மா. யாருக்கு வாழ்த்து? ஓவர்."

"யாருக்கா? நல்லாருக்கே! உங்க பொண்ணு மெரோலினுக்குத்தான். கல்யாணம் ஆயிடுச்சுல்ல. நீங்க துக்கத்துல இருந்ததால இத்தனை நாள் வாழ்த்து சொல்லல. நர்ஸ் பள்ளிக்கூடத்துல இடம் கிடைச்சும் போகலையேன்னு எனக்குக் கொஞ்சம் மனசு கேக்கல. சரி, நல்ல இடமா அமைஞ்சிருக்கும். ஓவர்."

கொட்டகைக்கு வெளியே ஒரு பன்றி வேலியில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. தகரம் கிறீச்சிட்டது. இடம் கிடைச்சும். அந்த இரண்டு சொற்களும் காதில் விழுந்து, கீழே இறங்காமல் அங்கேயே நின்றன.

"யாரு சொன்னா? ஓவர்."

"உங்க வீட்டு அண்ணன்தான். நீங்க பொறந்த ஊருக்குச் சாவுக்குப் போயிருந்தீங்களே, அப்ப. பள்ளிக்கூடத்துலேர்ந்து சேதி வந்துச்சு, நான்தான் படிச்சுக் காட்டினேன். அண்ணன் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு, வேற யாரையாச்சும் போட்டுக்கங்கன்னு. ஓவர்."

"போட்டாச்சா? ஓவர்."

"இன்னும் இல்ல. பள்ளிக்கூடத்துப் பெரிய சிஸ்டர் அடுத்த வாரம் வந்துதான் முடிவு பண்ணுவாங்க. ஏன்க்கா? ஓவர்."

ஏன் என்று சொல்ல முடியாது. இதே அலைவரிசையில் மலையெல்லாம் இருக்கிற ஊர்கள் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரு ஊரில் தும்மினால் இன்னொரு ஊரில் கேட்கும். நேமா எட்டி வாசலுக்கு வெளியே பார்த்தாள்.

"மேகம் முகட்டுக்கு மேல நிக்குது. காத்து கம்மி. கீழ்ப்பக்கம் கொஞ்சம் ஈரம். ஓவர்" என்றாள். அவள் குரல் நேற்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

விமானத் திடல் மலைச்சரிவில் மேலிருந்து கீழாக, உலரப் போட்ட பாய்போல் கிடந்தது. அன்று புல் வெட்டும் முறை. பெண்கள் வரிசையாகக் குனிந்து நீளக்கத்தியை வீசிக்கொண்டு இறங்கினார்கள். நெற்றியிலிருந்து முதுகில் தொங்கும் நூல்பைகளில் சிலருக்குக் குழந்தை, சிலருக்குக் கிழங்கு. வெட்டிய புல்லின் வாசம் பனியோடு சேர்ந்து மூக்கை அரித்தது. நேமா போய் பியாமேயின் பக்கத்தில் குனிந்தாள். பியாமே அடுத்த வீட்டுக்காரி. இருவரும் ஒரே வருடம் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். ஒருத்தி பிரசவத்துக்கு இன்னொருத்தி முதுகைத் தாங்கியிருக்கிறாள்.

"ரேடியோக்காரி லேட்டு" என்றாள் பியாமே. "பைலட்டு உன்னைக் கட்டிக்கிறேன்னு சொல்லிட்டானா?"

மற்றவர்கள் சிரித்தார்கள்.

"எம்பொண்ணுக்குத்தான் கல்யாணமாம்" என்றாள் நேமா. "இப்பதான் கேள்விப்பட்டேன்."

கத்திகள் நிற்கவில்லை. ஆனால் சத்தம் மாறியது. எல்லோரும் புல்லை வெட்டுவதை விட்டுவிட்டுக் காற்றை வெட்டுவதுபோல் இருந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் இன்னும் வேகமாக முன்னால் போனார்கள். யாரும் 'என்னது?' என்று கேட்கவில்லை. அதிலேயே நேமாவுக்குப் புரிந்துவிட்டது.

"உனக்கும் தெரியுமா பியாமே?"

பியாமே மென்றுகொண்டிருந்த பாக்கைத் துப்பினாள். சிவப்பாகப் புல்லில் விழுந்தது.

"நீ மண்ணு பூசியிருந்தடி. அண்ணன் செத்து மூஞ்சியில மண்ணு பூசிக்கிட்டு உக்காந்திருக்கிறவகிட்ட யாராவது சேதி சொல்லுவாங்களா? சொல்லக்கூடாதே."

"மண்ணு உதிர்ந்து ரெண்டு நிலா ஆச்சு."

"ஆச்சுதான்."

"ரெண்டு நிலாவா எங்கூடத்தானே கிழங்கு தோண்டின? எம்பை நெறஞ்சா உம்பையில போட்டுக்கிட்டு வந்த. வாயத் தொறக்கலையே."

"தொறந்தா என்ன ஆகும்? எம்புருசன் மண்டையப் பொளப்பான். எல்லாரும் சேர்ந்து ஆம்பளைங்க வீட்டுல உக்காந்து முடிவு பண்ணினது." பியாமே குரலைத் தாழ்த்தினாள். "ஆத்துக்கு அந்தப் பக்கம் மண்ணு தள்ற மிஷினு வந்து நிக்குது தெரியும்ல? சம்பே ஆளுங்க நெலத்துலதான் ரோடு வருது. ஆத்தோட நிறுத்திக்கிறதா, பாலம் போட்டு நம்ம பக்கம் விடறதான்னு அவனுங்கதான் சொல்லணும். சம்பே தலைவரு மகன் திமோனுக்கு மெரோலினைக் குடுத்தா சம்பந்தி ஊருக்கு ரோடு விடாம போவானா? உன் புருசனோட அண்ணன், அந்த மூத்தவரு போட்ட கணக்கு அது. நம்ம தலையில கோஸ் மூட்டையத் தூக்கிக்கிட்டு நாலு நாள் நடக்கிறது நிக்கும்ல, நேமா? எம்பொண்ணு பிரசவத்துல கெடக்கும்போது..."

அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. பியாமேயின் மூத்த மகள் போன மழைக்காலத்தில் பிரசவத்தில் போனவள்தான்.

நேமா புல்லை வெட்டினாள். அவளுக்கு பியாமேமேல் கோபம் வர வேண்டும், வரவில்லை. அதற்குப் பதிலாக, கடந்த இரண்டு நிலாக்களில் பியாமே தன்னிடம் காட்டிய அன்பெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பெரிய கிழங்கை எடுத்துக்கோ என்று தள்ளியது, தலையில் பேன் பார்த்தது, அண்ணன் நினைவு வந்து அழுதபோது கூடவே உட்கார்ந்து அழுதது. அவை எல்லாவற்றையும் இப்போது திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அதுதான் வலித்தது. கொடுமை செய்தால் ஒருமுறை வலிக்கும். இப்படிச் செய்தால் நல்ல நாட்கள்கூட அழுகிப்போகின்றன.

மெரோலின் தோட்டத்தில் கிழங்கு மேடு போட்டுக்கொண்டிருந்தாள். அழுகிய புல்லை நடுவில் வைத்து, சுற்றி மண்ணை அணைத்து, தட்டித் தட்டி உருண்டையாக்கி. மேட்டுக்கு உள்ளிருந்து ஆவி வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்த பெண் என்று சொல்ல முடியாதபடி கைகள் முட்டிவரை கறுப்பு.

நேமா பக்கத்தில் உட்கார்ந்து, ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னாள். சொல்லும்போது மகளின் முகத்தைப் பார்க்காமல் அவள் கைகளையே பார்த்தாள். கைகள் கொஞ்ச நேரம் தட்டின. பிறகு நின்றன.

"அப்ப நான் பாஸாயிட்டேனா?"

"ஆயிட்ட."

"நர்ஸ் பள்ளிக்கூடத்துக்குன்னு வாங்கின ஷூவை பியாமே சித்தி பொண்ணுக்குக் குடுத்துட்டேனேம்மா" என்றாள் மெரோலின். வேறு எதுவும் தோன்றாதவள்போல் அதையே திரும்பவும் சொன்னாள். "இனி எனக்கு எதுக்குன்னு குடுத்துட்டேன்."

"வாங்கிக்கலாம்."

"அவ கால் பெருசு. இந்நேரம் கிழிச்சிருப்பா." கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "பாஸாகலன்னு சொன்ன அன்னிக்கு அப்பா எனக்கு டின் மீன் வாங்கிக் குடுத்தாரு" என்றாள். "பெரிய டின். முழுசும் நீயே சாப்பிடுன்னாரு. பாஸாகாட்டி என்ன, உலகமா முடிஞ்சுடுச்சுன்னு முதுகைத் தடவிக் குடுத்தாரு. நான் அழுதேன். அவரும் அழுதாரும்மா. நெசமாவே கண்ணுல தண்ணி வந்துச்சு."

"வந்திருக்கும்" என்றாள் நேமா.

அவளால் அதை நம்ப முடிந்தது. அவள் கணவன் கெப்பாஸ் பொய்யாக அழுகிறவன் இல்லை. மகளுக்குக் குழி வெட்டிவிட்டு, அந்தக் குழியின் விளிம்பில் உட்கார்ந்து உண்மையாகவே அழுதிருப்பான். இருபது வருடம் ஒருவனோடு வாழ்ந்தபிறகு அவனைப் பற்றித் தெரியாமல் போனது எது, தெரிந்தும் பார்க்காமல் விட்டது எது என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

கெப்பாஸ் பன்றி நுழைந்த இடத்தில் வேலி கட்டிக்கொண்டிருந்தான். அவள் வருகிற நடையைப் பார்த்ததும் கொடியை இறுக்கிக்கொண்டே, "தெல்மா சொல்லிட்டாளா?" என்று கேட்டான்.

"சொன்னா."

"இன்னிக்கோ நாளைக்கோ தெரியும்னு எனக்குத் தெரியும்."

"அப்ப நீங்களே சொல்லியிருக்கலாம்ல மெரோலினப்பா?"

"எப்படிச் சொல்றது?" அவன் திரும்பினான். தாடியில் மரத்தூள் ஒட்டியிருந்தது. "நீ ரேடியோவுல உக்காந்திருக்க. உனக்கு அந்தப் பக்கம் இருக்கிறதெல்லாம் பெருசு. இந்த மலைய விட்டு பிளேன்ல போன எந்தப் பொண்ணு திரும்பி வந்துச்சு? பிளேனு கொண்டுவந்தது சோப்பு. கொண்டுபோனது புள்ளைங்க."

"அவ நர்ஸாகித் திரும்பி வருவேன்னா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டு ஏறினாங்க." அவன் கொடியைப் பல்லால் கடித்து இழுத்தான். "நம்ம சின்னவன் காய்ச்சல்ல கெடந்தப்ப நீ என்ன பண்ணின? ரேடியோ முன்னால உக்காந்து மேகம் இருக்கு மேகம் இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்த. பிளேனு வரல."

"மேகம் இருந்துச்சு. இல்லன்னு சொல்லியிருந்தா பைலட்டும் சேர்ந்து செத்திருப்பான்."

"உன்னைக் குத்தம் சொல்லல. ரோடு இருந்திருந்தா நான் அவனைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடியிருப்பேன். அதைத்தான் சொல்றேன். ஒரு ரோட்டுக்காகத்தான் பண்ணினேன். ஊருக்காக."

"இங்கயே ஒரு நர்ஸ் இருந்திருந்தாலும் அவன் பொழச்சிருப்பான்."

பக்கத்துச் சவுக்கு மரத்தில் காற்று ஊதியது. இருவரும் ஒரே குழந்தையின் இரண்டு பக்கமும் நின்று இழுப்பதுபோல் நேமாவுக்குத் தோன்றியது. அவன் சொல்வதில் பொய் இல்லை. அதுதான் சிக்கல். அவன் வெறும் அயோக்கியனாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்ப."

"ஆமா."

"அதான் கேக்கல." அவன் குனிந்து அடுத்த கழியை எடுத்தான். "எங்கண்ணன் நாளைக்கு உன் வயித்தை ஆத்தறேன்னுட்டாரு. பன்றி அடிக்கிறோம். உனக்கு வயித்தெரிச்சல் இருக்கும், இல்லாம இருக்காது. வந்து ஒரு வாய் சாப்பிட்டு முடிச்சுக்க. ஊரே பாத்துக்கிட்டிருக்கு."

வயிறு ஆற்றுவது என்றால் இந்த மலையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தப்புச் செய்தவன் பன்றி அடித்துச் சுடுகல் குழியில் வேகவைத்து ஈரலை எடுத்து நீட்டுவான். வயிறு எரிகிறவர் அதில் ஒரு கடி கடித்துவிட்டால் வழக்கு செத்தது. அதற்குப் பிறகு அதைப் பற்றி வாயைத் திறந்தால் திறந்தவர்மேல்தான் குற்றம். கொலைகூட இங்கே அப்படித்தான் ஆறியிருக்கிறது.

சாயங்காலம் நேமா பன்றிகளுக்குக் கிழங்கு போட்டாள். பெண்கள் வீட்டின் பின்பாதியில் வரிசையாகத் தடுப்புகள். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொன்றும் மூக்கை நீட்டியது. எல்லாம் இருந்தன. எதையும் யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. மூத்தவர் வீட்டிலும் சினைப் பன்றியைத் தவிர வேறு இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

அப்படியானால் நாளைக்கு அடிக்கப் போவது யார் வீட்டுப் பன்றி?

மறுநாள் காலையில் தெல்மா கூப்பிட்டபோது நேமா வாசலுக்கு வெளியே நீண்ட நேரம் பார்த்தாள். முகடு கழுவி வைத்தது போல் இருந்தது.

"மேகம் இல்ல" என்றாள். "காத்து இல்ல. எம்பொண்ணுக்குக் கல்யாணமும் இல்ல. ஓவர்."

ரேடியோவில் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. மலைமேல் இருக்கும் எல்லாக் கொட்டகைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

"அக்கா, நெசமாவா? அண்ணன்தானே..." தெல்மா தயங்கினாள். "சரி. நான் சிஸ்டர்கிட்ட சொல்றேன். ஆனா ஊர்ல பேசி முடிச்சிட்டாங்கன்னா அவங்க எடுத்துக்க மாட்டாங்க. போன வருசம் ஒரு பொண்ணைச் சேர்த்து, புருசன் வீட்டு ஆளுங்க கத்தியோட வந்து வாசல்ல நின்னாங்க. அடுத்த பிளேன்ல பொண்ணு வந்தா இடம் உண்டு. வரும்போது அவ யாரு பொண்டாட்டியாவும் இருக்கக் கூடாது. ஓவர்."

"புரியுது. ஓவர்."

சடங்குத் திடலுக்குப் போகும் வழியில் பன்றியைக் கட்டியிருந்தார்கள். பெரியது, கொழுத்தது, முதுகு மயிர் சிலிர்த்துக்கொண்டிருந்தது. நேமா வழக்கம்போல் நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டாள். இந்த ஊரில் எந்த வீட்டுப் பன்றியும் அந்தச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பும். இது திருப்பவில்லை.

அவள் சுற்றி வந்து பார்த்தாள். யங்கிலாவில் குட்டியாக இருக்கும்போதே வால் நுனியை நறுக்கிவிடுவார்கள். இதற்கும் வால் நறுக்கியிருந்தது. ஆனால் நுனியில் ரத்தம் இன்னும் காயவில்லை, ஈ மொய்த்தது. வளர்ந்த பன்றிக்கு யார் இப்போது வால் நறுக்குவார்கள்? இடது காதில் கனமாகச் சேறு அப்பியிருந்தது. அவள் விரலால் வழித்தாள். காதின் நடுவில் பிளவு. ஆற்றுக்கு அந்தப் பக்கம், சம்பே ஆட்கள் போடுகிற பிளவு.

பன்றி வலியில் முனகியது. நேமா அதன் காதை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

மாப்பிள்ளை வீட்டுப் பன்றி. பெண் கேட்டு வருகிறவர்கள் கொண்டுவருகிற முதல் பன்றியில் வயிற்றுக் கொழுப்பு தாய்ப் பங்கு. பெற்றவள் அதைத் தின்றுவிட்டால் பெண்ணின் கால் ஆற்றைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அப்பன் ஆயிரம் பேசலாம், மூத்தவர் ஆயிரம் கணக்குப் போடலாம். அந்தக் கொழுப்பு தாயின் தொண்டையில் இறங்காமல் எதுவும் ஆகாது. நேமாவின் அம்மா தின்றதை நேமா பார்த்திருக்கிறாள். பதினாறு வயதில் வேலி ஓரம் நின்று பார்த்தாள். அம்மா ரசித்துத் தின்றாள். விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பிவிட்டுத் தொடையில் துடைத்தாள். அன்றைக்கு அம்மாவுக்குப் பசி, அவ்வளவுதான் என்று பிற்பாடு எத்தனையோ முறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆக, ஒரே பன்றியில் இரண்டு காரியம். வயிறும் ஆறிவிடும், பெண்ணும் போய்விடும். தெரியாமல் தின்றேன் என்று பிறகு சொல்லவும் முடியாது. வழக்கைத்தான் அதே வாயால் முடித்திருப்பாளே.

மத்தியானம் குழியைத் திறந்தார்கள். மேலே போட்டிருந்த மண்ணையும் வாழை இலைகளையும் விலக்கியதும் ஆவி குபீரென்று எழுந்தது. இஞ்சி வாசம், வெந்த கீரை, கொழுப்பில் ஊறிய கிழங்கு. குழந்தைகள் குழியைச் சுற்றி ஓடினார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வேலிக்கு அப்பால் சம்பே ஆட்கள் நான்கைந்து பேர் குந்தியிருந்தார்கள்.

"அவங்க எதுக்கு வந்திருக்காங்க?" என்று நேமா பியாமேயிடம் கேட்டாள்.

"கோஸ் வாங்கவாம்" என்றாள் பியாமே, கண்ணைப் பார்க்காமல்.

"கோஸ் வாங்க தலையில இறகு வச்சுக்கிட்டா வருவாங்க?"

பியாமேவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சிரிப்பே அழுகையாக மாறியபோது நேமா அவள் முழங்காலில் கை வைத்தாள். ஏன் வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மெரோலின் அம்மாவின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தாள். காலில் ஷூ. பெருவிரல் பக்கம் கிழிந்திருந்தது. போய் திருப்பிக் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

கணவனின் அண்ணன் லக்காரி எழுந்து நடுவில் வந்தார். பேசுவதற்கு முன் நாலு அடி முன்னாலும் நாலு அடி பின்னாலும் நடப்பது அவர் வழக்கம்.

"எல்லாரும் கேளுங்க. என் தம்பி ஒரு வார்த்தை சொன்னான். ரேடியோவுல சொன்னான். சொல்லியிருக்க வேணாம். வீட்டுக்காரிகிட்ட கேட்டுட்டுச் சொல்லியிருக்கணும். தப்புத்தான். நான் மறைக்கல. அவனுக்கு யோசனை சொன்னவன் நான். அதனால என் தப்பும்தான். இந்தப் பொம்பளை யாரு? இவ வாய்க்கு வானத்துலேர்ந்து பிளேன் எறங்குது. இவ இல்லாட்டி நமக்கு உப்பு இல்ல. அவ வயிறு எரிஞ்சா இந்த ஊர்ல எந்தத் தோட்டமும் வெளையாது." அவர் குரல் இளகியது. "நானும் கிழவனாயிட்டேன். கண்ணை மூடறதுக்குள்ள ஒரு வண்டி நம்ம வாசல்ல வந்து நிக்கிறதப் பாக்கணும். அவ்வளவுதான் ஆசை. ரேடியோம்மா, உன் வயிறு ஆறணும்."

பெண்கள் பக்கத்திலிருந்து 'ஆறணும்' என்று முணுமுணுப்பு எழுந்தது. நிஜமாகவே அவர்கள் அதை விரும்பினார்கள். ரோடும் வேண்டும், நேமாவும் வேண்டும் அவர்களுக்கு.

லக்காரி குழியிலிருந்து எடுத்த ஒரு இலைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் வைத்தார். சூடு கையைச் சுட்டது. நேமா இலையை விரித்தாள். மேலே ஈரல், கருத்துப் பளபளத்தது. அதைக் கொஞ்சம் தள்ளினாள். அடியில், ஈரலோடு ஒட்டி, வயிற்றுக் கொழுப்பு. வெள்ளையாக, அகலமாக, பட்டையாக.

வேலிக்கு அப்பால் குந்தியிருந்தவர்களில் ஒருவன் எழுந்து நின்றான். இளைஞன், நல்ல உயரம். திமோனாக இருக்க வேண்டும். பாவம், அவனும் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாலைப் பற்றிச் சொல்லலாம். காதைப் பற்றிச் சொல்லலாம். எழுந்து நின்று இலையை லக்காரியின் முகத்தில் எறியலாம். எறிந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அது ஒரு புது வழக்கு. அதற்கு ஒரு புது விசாரணை, ஒரு புதுப் பன்றி, ஒரு புது இலை. கோபத்துக்கு இந்த மலையில் எப்போதும் விலை உண்டு. கோபப்பட்டவரை எப்படி ஆற்றுவது என்று இவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும்.

அவள் ஈரலைப் பழைய இடத்துக்கு நகர்த்தினாள். இலையை ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு என்று வந்தபடியே மடித்தாள். நுனியைச் செருகினாள். இரண்டு கையாலும் நீட்டினாள்.

"எனக்குப் பசியில்ல மூத்தவரே."

லக்காரிக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருந்தது. "என்னம்மா?"

"பசியில்ல."

"பசிக்கா குடுக்கிறாங்க?" அவர் சிரிக்க முயன்றார். "ஒரு கடி. வாயில வச்சு எடுத்தாக்கூடப் போதும். எரியுதுன்னா சொல்லு, இன்னும் ஒரு பன்றி அடிக்கிறேன்."

"எரியல மூத்தவரே. பசிதான் இல்ல. நீங்க சாப்பிடுங்க. கறி ஆறிடும்."

அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் பொட்டலத்தை அவர் காலடியில், சுத்தமாக ஒரு இலையைப் போட்டு அதன்மேல் வைத்தாள். எழுந்து போகவில்லை. போனால் கோபம் என்றாகிவிடும். காலை மடக்கி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எல்லோரையும்போல அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மெரோலின் உட்கார்ந்திருந்தாள். ஊர் முழுக்கத் தட்டில் கறியோடு, நேமா முதல் கடி கடிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தது. வேலிக்கு அப்பால் நின்றவன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மெல்லத் திரும்பவும் குந்தினான்.

ஆண்கள் பக்கத்தில் கெப்பாஸ் மட்டும் அவசரப்பட்டு ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டிருந்தான். மென்று விழுங்கவும் முடியாமல், எல்லோர் முன்னாலும் துப்பவும் முடியாமல், கன்னம் உப்ப அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.